கிராக், மலிவு கீ, வாட்டர்மார்க், லினக்ஸ்: விண்டோஸ் ஆக்டிவேஷனுக்கு எது சரியான வழி?

லைசென்ஸ் சரிபார்க்கப்படாத, அதாவது ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் கணினியில், திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்ளும். கணினி ஓடும், இணையம் வரும், பிரிண்ட் எடுக்கலாம். ஆனால் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அந்த வரி அதற்கு மேலே நிற்கும். சர்வீஸ் கடையில் கேட்டால், "அது ஒண்ணுமில்ல சார், பென்டிரைவ்ல டூல் இருக்கு, ரெண்டு நிமிஷம்" என்பார்கள். யூடியூபில் தேடினால் அதே டூலுக்கு வரிசையாக வீடியோக்கள் வரும்.

இந்த நிலையில் இருப்பவருக்கு முன்னால் ஐந்து வழிகள் உண்டு. ஆக்டிவேஷனை ஏமாற்றும் அந்த டூலை ஓட்டி கிராக் போடலாம். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் கீயை, அதாவது லைசென்ஸுக்கான குறியீட்டை வாங்கலாம். வாட்டர்மார்க் எனப்படும் அந்த வரியோடு அப்படியே ஓட்டலாம். முழு விலை கொடுத்து லைசென்ஸ் வாங்கலாம். விண்டோஸையே விட்டுவிட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸுக்குப் போகலாம். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இவற்றில் கடைசி இடம் கிராக்குக்குத்தான். ஒரு பைசா செலவழிக்காமல் அந்த வரியைச் சகித்துக்கொண்டு இருப்பதுகூட அதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் இந்த ஐந்தில் எதையும் யோசிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஏற்கெனவே உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா?

டெல், எச்பி, லெனோவோ, ஏசர் என்று எந்த நிறுவனத்தின் லேப்டாப்பாக இருந்தாலும், விண்டோஸோடு வாங்கியிருந்தால் லைசென்ஸுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். முன்பெல்லாம் கீயை ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருப்பார்கள். விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு அதை மதர்போர்டிலேயே எழுதி அனுப்புகிறார்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டாலும் அந்த கீ எங்கும் போகாது.

அப்படியிருந்தும் இந்த லேப்டாப்களில் கிராக் ஓடுவது ஏன்? நடப்பது இதுதான். லேப்டாப்போடு வருவது பெரும்பாலும் ஹோம் பதிப்பு. மெதுவாகிவிட்டது என்று ஃபார்மேட் செய்யக் கொடுக்கிறோம். கடையில் எல்லா மெஷினுக்கும் ஒரே பென்டிரைவ். அதில் இருப்பது ப்ரோவோ என்டர்பிரைஸோ. போர்டில் இருக்கும் ஹோம் கீ அதற்குப் பொருந்தாது, எனவே ஆக்டிவேட் ஆகாது. உடனே கடைக்காரர் டூலை ஓட்டிவிடுவார். காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் போர்டில் சும்மா கிடக்க, திருட்டுப் பதிப்பில் நாம் வேலை பார்த்துக்கொண்டிருப்போம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போங்கள். விண்டோஸ் 10-இல் இது அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும். டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று அங்கே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்" ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அது உங்கள் சொந்த லேப்டாப். எந்த நிறுவனம் அது?

அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் இருக்கும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும் பாருங்கள். சோதிக்க வேண்டாம் என்று ஆன்டிவைரஸுக்குச் சொல்லப்பட்ட இடங்கள் அவை. சாதாரணமாக அது காலியாக இருக்க வேண்டும். கிராக் போட்ட மெஷின்களில் டூல் இருக்கும் ஃபோல்டர் அங்கே நிற்கும். சில மெஷின்களில் சி டிரைவ் முழுவதுமே நிற்கும். வீட்டில் காவல் இருக்கிறது, ஆனால் வாசல் பக்கம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு.

லேப்டாப் விண்டோஸோடு வந்ததுதான் என்றால், மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஹோம் பதிப்பை ஏற்றிப் புதிதாக நிறுவினால் போதும். கீ கேட்காது. இணையத்தில் இணைந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரு விலக்கு உண்டு: விண்டோஸ் 7, 8 காலத்து கீகளை வைத்து இலவசமாக 10-க்கும் 11-க்கும் போகும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. அதற்கு முன்பே முறையாக 10-க்கு மாறிய மெஷின் என்றால் சிக்கல் வராது.

இங்கேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

டூல் என்ன செய்கிறது?

விண்டோஸ் விஸ்டாவோடு மைக்ரோசாஃப்ட் கேஎம்எஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள நிறுவனத்தில் ஒவ்வொன்றையும் மைக்ரோசாஃப்டோடு பேசவைப்பது சிரமம். அதனால் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்துக்கொண்டு, அங்குள்ள கணினிகள் அதனிடம் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். குறைந்தது 25 கணினிகள் கேட்ட பிறகுதான் அந்த சர்வர் விண்டோஸ் கணினிகளுக்கு அனுமதி தர ஆரம்பிக்கும். ஒரு முறை வாங்கிய அனுமதி 180 நாள் நிற்கும். ஏழு நாளைக்கு ஒருமுறை கணினி அதைப் புதுப்பிக்க முயலும்.

பென்டிரைவில் வரும் டூல்களில் பெரும்பாலானவை உங்கள் கணினிக்குள்ளேயே அப்படி ஒரு போலி சர்வரை உட்கார்த்திவைக்கின்றன, அல்லது இணையத்தில் யாரோ நடத்தும் சர்வரிடம் போய்க் கேட்கச் சொல்கின்றன. 180 நாளில் அனுமதி காலாவதியாகும் என்பதால் ஒரு முறை ஓடிவிட்டு அவை நின்றுவிட முடியாது. தாமாகவே மறுபடி மறுபடி ஓடும்படி ஒரு வேலையைக் கணினியில் பதித்துவைக்கின்றன. அதாவது, யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரல், நிர்வாகி உரிமையோடு, உங்கள் கணினியில் நிரந்தரமாகக் குடியிருக்கும்.

இந்த டூல்களை, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் 'ஹேக்டூல்' என்ற வகையில் பிடிக்கும். உள்ளே வைரஸ் இருக்கிறதோ இல்லையோ, ஆக்டிவேஷனை ஏமாற்றுகிறது என்பதாலேயே பிடிக்கும். இது டூல் பகிர்பவர்களுக்கு நல்ல சாக்கு. "ஆன்டிவைரஸ் கத்தும், கண்டுக்காதீங்க, அது தப்பான அலாரம், முதல்ல அதை ஆஃப் பண்ணிடுங்க" என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். சில சமயம் அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும். சிக்கலே அங்கேதான். சுத்தமான டூலுக்கும் கத்தும், நஞ்சு கலந்த டூலுக்கும் கத்தும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதபடி காதைப் பொத்திக்கொள்வதுதான் நிறுவலின் முதல் படி. ஒரு வைரஸ்காரன் இதைவிட நல்ல வாசலைக் கேட்க முடியாது.

அவன் அந்த வாசலை விட்டுவைக்கவும் இல்லை. கேஎம்எஸ்பிகோ என்ற பெயர் பலருக்கும் தெரிந்திருக்கும். நாங்கள்தான் அதன் அதிகாரபூர்வத் தளம் என்று சொல்லிக்கொள்ளும் தளங்கள் ஏராளம். 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டது. அப்படிப்பட்ட இன்ஸ்டாலர்களில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் சேர்ந்து வந்தது. கூடவே நிஜ கேஎம்எஸ்பிகோவும் நிறுவப்பட்டது. போட்டவருக்கு விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிடும், வாட்டர்மார்க் மறைந்துவிடும், நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். பின்னால் கிரிப்ட்பாட் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் கிரிப்டோ வாலட்களையும் அள்ளிக்கொண்டிருக்கும். "நான் போட்டேன், நல்லாத்தான் ஓடுது" என்று நண்பர் கொடுக்கும் சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு என்பது இதிலிருந்தே தெரியும்.

குக்கி போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நீங்கள் ஜிமெயிலில் ஏற்கெனவே நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம் அது. அதைத் தன் கணினியில் வைத்துக்கொள்பவனுக்குப் பல நேரம் கடவுச்சொல்லும் தேவைப்படாது, ஓடிபியும் தேவைப்படாது. யூடியூப் சேனல்கள் கைமாறிப் போவது பல முறை இந்த வழியில்தான். 2023 ஏப்ரலில் கூகுள் இந்த கிரிப்ட்பாட்டைப் பரப்பியவர்கள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அதற்கு முந்தைய ஓராண்டில் மட்டும் சுமார் 6,70,000 கணினிகள் சிக்கியதாக அந்த நிறுவனம் மதிப்பிட்டது.

ரெட் கேனரியின் அதே அறிக்கையில் ஒரு சின்னத் தகவல் என்னைச் சிரிக்கவும் வைத்தது. ஒரு நிறுவனத்தில் தாக்குதல் நடந்து, சரிசெய்ய நிபுணர்கள் போயிருக்கிறார்கள். சரிசெய்ய முடியவில்லை. காரணம், அந்த நிறுவனத்தில் ஒரே ஒரு முறையான விண்டோஸ் லைசென்ஸ்கூட இல்லையாம்.

இன்னும் இரண்டு சம்பவங்கள். கேஎம்எஸ் ஆட்டோ என்ற பெயரில் நிரல் ஒன்றைப் பரப்பியதாக லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர் ஜார்ஜியா நாட்டில் பிடிபட்டுத் தென் கொரியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2020 முதல் 2023 வரை உலகம் முழுவதும் 28 லட்சம் முறை அது இறக்கப்பட்டதாகக் கொரியக் காவல்துறை சொல்கிறது. பணம் அனுப்ப ஒருவர் கிரிப்டோ முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது, நடுவில் அதைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடுவதுதான் அதன் வேலை. மற்றொன்று உக்ரைனில். ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு தொடர்புபடுத்தப்படும் சாண்ட்வோர்ம் குழு, போலி கேஎம்எஸ் டூல்களை அங்கே உலவவிட்டு உளவு நிரலை ஏற்றியதாக எக்ளெக்டிக்ஐக்யூ நிறுவனம் 2025 பிப்ரவரியில் தெரிவித்தது. ஒரு நாட்டின் ராணுவமே தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வசதியான வாசல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கணினிகளுக்கு இவற்றைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, ஸ்டாப் அல்லது டிஜேவியூ எனப்படும் மிரட்டல் நிரல். கிராக், கீஜென் (போலி கீ உருவாக்கும் டூல்), ஆக்டிவேட்டர் ஆகியவற்றின் முதுகில் ஏறி வருவதே இதன் வழக்கம். பெரிய நிறுவனங்கள் பக்கம் அதிகம் போகாது. வீட்டுக் கணினி, மாணவர் லேப்டாப், ஸ்டுடியோ, டிடிபி கடை இவைதான் குறி. திரையில் விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோல ஒரு போலி ஜன்னலைக் காட்டிவிட்டுப் பின்னால் கோப்புகளைப் பூட்டும். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டும் என்பதால் வேகமாக முடித்துவிடும். கல்யாண ஆல்பம் வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தால், எல்லாப் படத்தின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு. 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர் என்று அதில் எழுதியிருக்கும். ஆடித் தள்ளுபடி தோற்றது!

இதன் பழைய வகைகள் 148-க்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசத் திறப்பான் வெளியிட்டது. பிறகு வந்த வகைகளில், ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவியைத் திருடன் தன் சர்வரிலிருந்து அனுப்பியிருந்தால், அவனைத் தவிர யாராலும் திறக்க முடியாது.

சரி, ஓப்பன் சோர்ஸாக, எல்லோரும் படித்துப் பார்க்கும்படி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்கள் இருக்கின்றனவே, அவையும் ஆபத்தா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவற்றில் பிரபலமான ஒன்றில் வைரஸ் இருப்பதாக நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஓட்டும் விதம், விண்டோஸுக்குக் கட்டளை தட்டும் பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையோடு திறந்து, இணைய முகவரி உள்ள ஒரு வரியை ஒட்டி என்டர் தட்டுவது. படித்துப் பார்க்கலாம் என்பதற்கும் படித்துப் பார்த்தோம் என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. 2025 டிசம்பரில் அதே முகவரியிலிருந்து ஒரே ஓர் எழுத்து குறைந்த போலி முகவரியை யாரோ பதிவுசெய்து வைத்தார்கள். கையால் தட்டும்போது அந்த எழுத்தை விட்டவர்களின் கணினியில் வேறு திருட்டு நிரல்களை உள்ளே கொண்டுவரும் காஸ்மாலி என்ற ஏற்றி நிரல் இறங்கியது. ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு அதனால் என்ன ஆறுதல்? இந்த வழிகள் எவ்வளவு நாள் நிலைக்கும் என்பதும் மைக்ரோசாஃப்ட் கையில் இருக்கிறது. 2038 வரை கவலையில்லை என்று பெயர்பெற்ற கேஎம்எஸ்38 முறை, 2025 நவம்பர் அப்டேட்டோடு செயலிழந்தது.

டூலைவிட மோசமானது, ஆக்டிவேட் செய்தே வரும் 'ரெடிமேட்' ஐஎஸ்ஓ, அதாவது முழு விண்டோஸ் நிறுவல் கோப்பு. டூலாவது சுத்தமான விண்டோஸின் மேல் ஏறுகிறது. இதில் அடித்தளமே மற்றவன் கட்டியது. 2023 ஜூனில் டாக்டர் வெப் நிறுவனம் டோரண்டில் உலவிய சில விண்டோஸ் 10 ஐஎஸ்ஓக்களை ஆராய்ந்தபோது, கணினி துவங்க உதவும் இஎஃப்ஐ பகுதிக்குள்ளேயே திருட்டு நிரலுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆன்டிவைரஸ்கள் பொதுவாக எட்டிப்பார்க்காத மூலை அது.

சில நூறு ரூபாய் கீ

ஷாப்பிங் தளங்களிலும் கீ விற்கும் தளங்களிலும் ப்ரோ லைசென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் விற்கும் விலை இந்தியாவில் ஹோம் பதிப்புக்கே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். இடையில் உள்ள வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஏதோ நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்த லைசென்ஸின் கீயாக இருக்கலாம். நிரலாளர்களுக்குச் சோதனைக்காகக் கொடுத்ததாக இருக்கலாம். உடைத்துப்போட்ட பழைய கணினியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். திருட்டு கார்டில் வாங்கியதாகவும் இருக்கலாம்.

பாதுகாப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இது கிராக்கைவிட நல்லது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெறும் 25 எழுத்துகள். அதற்குள் வைரஸை ஒளித்துவைக்க முடியாது. கீயோடு ஒரு 'ஆக்டிவேஷன் மென்பொருள்' அனுப்பினால் மட்டும் தொடாதீர்கள். சட்டப்படி பார்த்தால், கீ வேலை செய்வதும் உங்களிடம் லைசென்ஸ் இருப்பதும் வேறு வேறு. ஒரே மொத்த கீயைப் பலருக்கு விற்றிருந்தால் மைக்ரோசாஃப்ட் ஒரு நாள் அதை முடக்கும், மறுபடி வாட்டர்மார்க் வரும். விற்றவர் கடை அப்போது வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கும். ஆடிட்டர் முன் காட்ட வேண்டிய அலுவலகத்துக்கு இது உதவவே உதவாது.

வாட்டர்மார்க்கோடு வாழ்வது

எல்லோரும் ஏளனமாகப் பார்க்கும் வழி இது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கி நிறுவிவிட்டு, கீ கேட்கும்போது இல்லை என்று தாண்டிப் போனால் கணினி ஓடும். மூலையில் அந்த வரி நிற்கும். செட்டிங்ஸில் வால்பேப்பர், நிறம், தீம் மாற்றும் பகுதி பூட்டியிருக்கும். அவ்வப்போது ஒரு நினைவூட்டல் வரும். பாதுகாப்பு அப்டேட்கள் வந்துகொண்டே இருக்கும், டிஃபெண்டரும் முழுதாக வேலை செய்யும்.

உரிம ஒப்பந்தப்படி இதுவும் சரியில்லை. ஆக்டிவேட் செய்யாமல் தொடர்ந்து பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் அனுமதி தரவில்லை, தடுக்காமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே நிரந்தரத் தீர்வாக இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் ஒரு மாணவர், அசெம்பிள் செய்த கணினி, கையில் பணம் வர இன்னும் நாலு மாதம் ஆகும் என்றால், அந்த நாலு மாதத்தை வால்பேப்பர் மாற்றாமல் ஓட்டிவிடலாம். வால்பேப்பருக்காகக் கடவுச்சொற்களை அடகு வைக்க வேண்டியதில்லை.

காசு கொடுத்து வாங்குவது

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன். புது லேப்டாப் வாங்கும்போது விலை குறைவு என்று விண்டோஸ் இல்லாத 'டாஸ்' மாடலை எடுப்பார்கள், கடைக்காரரே கிராக் போட்டுத் தருவார். விண்டோஸோடு வரும் அதே மாடலுக்கு ஆகும் கூடுதல் விலை, பின்னால் தனியாக லைசென்ஸ் வாங்குவதைவிட வழக்கமாகக் குறைவு. லேப்டாப்போடு வரும் லைசென்ஸ் அந்த மெஷினோடு சேர்ந்தது, வேறொன்றுக்கு மாற்ற முடியாது. தனியாக வாங்கும் ரீட்டெயில் லைசென்ஸைப் பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். அடிக்கடி மதர்போர்டு மாற்றுபவருக்கு ரீட்டெயில்தான் சரி.

கல்லூரி மாணவர்கள் வாங்கும் முன் கல்லூரியின் கணினித் துறையில் ஒரு வார்த்தை கேளுங்கள். மைக்ரோசாஃப்டின் கல்வித் திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரி என்றால் விண்டோஸின் எஜுகேஷன் பதிப்பு இலவசமாகவே கிடைக்கலாம். இப்படி ஒன்று இருப்பது பல மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை.

லினக்ஸ்

இதில் தமிழ்நாட்டுக்குப் பழைய கதை உண்டு. அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. கையில் வந்ததும் நம் பிள்ளைகள் செய்த முதல் வேலை அதை அழிப்பது. பக்கத்துக் கேரளத்தில், பள்ளிகளின் கணினிக் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் அரசின் கைட் அமைப்பு பள்ளிகள் முழுவதிலும் கட்டற்ற மென்பொருளையே வைத்து நடத்திக்கொண்டிருக்கிறது. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுக் கணினியைக் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து வித்தியாசம் அதுதான்.

இன்று ஒரு பழைய லேப்டாப்பை உயிரோடு வைத்திருக்க லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் போல நல்ல வழி கிடையாது. 2 ஜிபி ராமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் சௌகரியம். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையைத் தனியாக இறக்க வேண்டாம், பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் மூலம் சேர்த்துக்கொள்ளலாம். உலாவல், யூடியூப், கடிதம் எழுதுவது, பாடம் படிப்பது இவைதான் வேலை என்றால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். கணக்குக்கு டேலி ஓட வேண்டும் என்றால் விண்டோஸ் வேண்டும். டிடிபி கடையில் பேஜ்மேக்கரும் பழைய எழுத்துரு விசைப்பலகை மென்பொருள்களும்தான் சோறு போடுகின்றன; லினக்ஸில் அந்தக் கடை நடக்காது. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்கள் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். பிரிண்டரையும் முதலில் பாருங்கள். எச்பி மாடல்கள் பெரும்பாலும் செருகியதும் ஓடும். நம் ஊரில் கடைக்குக் கடை இருக்கும் கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓடவைக்கப் பொறுமை வேண்டும்.

சட்டம்

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு கணினி நிரலுக்கென்றே இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால், நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்தலாம். 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதையே குற்றமாக்குகிறது. அதற்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

வீட்டில் கிராக் போட்டவர் கதவைப் போலீஸ் தட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்காரருக்குச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது வீண் வேலை. அவருக்கு உண்மையான ஆபத்து முன்னால் சொன்ன திருட்டுதான். அலுவலகம் நடத்துபவர் கணக்கு வேறு. பத்து மெஷின் உள்ள இடத்தில் கோபித்துக்கொண்டு போன ஒரு முன்னாள் ஊழியர் ஒரு புகார் அனுப்பினால் போதும். லைசென்ஸ் ரசீதைக் காட்டு என்று மென்பொருள் நிறுவனங்களிலிருந்து கடிதம் வரும்.

யார் எதை எடுப்பது?

லேப்டாப் விண்டோஸோடு வந்ததா? ஹோம் பதிப்பைச் சுத்தமாகத் திரும்ப நிறுவுங்கள், ஒரு பைசா வேண்டாம். அலுவலகம், ஸ்டுடியோ, கடை, ஆடிட்டர் அறை? லைசென்ஸ் வாங்குங்கள். அந்த மெஷின் ஒரு வாரம் படுத்தால் ஆகும் நஷ்டத்தையும் லைசென்ஸ் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசெம்பிள் செய்த வீட்டுக் கணினியில் விளையாட்டு, படிப்பு என்றால் வாட்டர்மார்க்கோடு சில மாதம் ஓட்டி, பிறகு ரீட்டெயில் வாங்குங்கள்.

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்போ, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸரோ இல்லாததால் விண்டோஸ் 11-க்குப் போக முடியாத பழைய மெஷின்தான் கொஞ்சம் குழப்பமானது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அதில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால், 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் கட்டணமில்லாமல் கிடைக்கும். அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு என் ஓட்டு லினக்ஸுக்கே. அதற்கென்று பத்தாயிரம் ரூபாய் லைசென்ஸ் வாங்குவதிலும் அர்த்தமில்லை.

ஏற்கெனவே கிராக் ஓடும் கணினியை என்ன செய்வது? டூலை மட்டும் அழித்துவிட்டால் போதாது, அது எதையெல்லாம் உள்ளே விட்டது என்று யாருக்கும் தெரியாது. படங்கள், ஆவணங்களை மட்டும் வெளி டிரைவுக்கு எடுங்கள். இன்ஸ்டாலர்களையும் கிராக் ஃபோல்டர்களையும் கூடவே எடுத்து வராதீர்கள். புதிதாக நிறுவும்போது டிஸ்கின் பழைய பிரிவுகளான பார்டிஷன்கள் எல்லாவற்றையும், இஎஃப்ஐ பகுதி உட்பட, அழித்துவிட்டு வெறும் டிஸ்கில் ஆரம்பியுங்கள். ஜிமெயில், வங்கி, ஃபேஸ்புக் கடவுச்சொற்களை மொபைலிலோ வேறு நம்பகமான கணினியிலோ மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானையும் அழுத்துங்கள். அதை அழுத்தாவிட்டால் திருடிய குக்கி சில இடங்களில் தொடர்ந்து வேலை செய்யக்கூடும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்துவிட்டு வந்து ஃபார்மேட் செய்யுங்கள்.